பாடகர் சாலமனின் ஊரைச் சுற்றிக்காட்டிய நாள்

ஐந்தாம் வகுப்பு ஃபெயில் நான். ஒரே ஒரு ஓட்டை வேனில் தொடங்கி, இன்று ஒரகடம் கம்பெனிகளுக்குப் பதினான்கு ஸ்டாஃப் வேன் விடுகிறேன். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து சுங்குவார்சத்திரம் வரை நான் நுழையாத சந்து கிடையாது. "தெரியாது" என்று எந்தக் கஸ்டமரிடமும் சொன்னதில்லை. அதனால் வந்த வம்பு இது.

போன வருடம் பெங்களூரிலிருந்து அனிதா என்று ஒரு அம்மா வண்டி கேட்டு வந்தார். செத்துப்போன ராக் பாடகர் சாலமனைப் பற்றிப் புத்தகம் எழுதியிருந்தார். சாலமன் எங்கள் பக்கத்து ஆள்தான். அவர் பாடிய சர்ச், பிறந்த வீடு, இரண்டுக்கும் போட்டோ வேண்டும். மறுநாள் புத்தகம் அச்சுக்குப் போகிறது.

"சாலமன் வூடா? கண்ண கட்டிக்கினே போவேன், ஏறுங்கம்மா" என்றேன். உண்மையில் பேரைக் கேள்விப்பட்டதோடு சரி.

சர்ச்சைச் சரியாகக் காட்டினேன். அந்த ஊரில் இருப்பதே ஒன்றுதான். அடுத்து, வாசலில் சிலுவை இருந்த ஒரு பழைய ஓட்டு வீட்டின் முன் நிறுத்தி, "இந்த ஜன்னல்ல குந்திக்கினுதான் கிதார் வாசிப்பாரு" என்று ஒரு போடு போட்டேன். அந்த அம்மா சுவரைத் தொட்டுப் பார்த்தார். போட்டோவாக எடுத்துத் தள்ளினார்.

மாவுக் கையோடு வீட்டுக்காரப் பெண் வெளியே வந்தாள். "இன்னாத்துக்குப் போட்டோ?"

"பாடகர் சாலமன் பொறந்த வூடாச்சே!" என்றேன்.

"இங்க பொறந்தது என் ரெண்டு பொண்ணும் ஒரு கன்னுக்குட்டியும்தான். அவுரு வூடு ரோடு போட்டப்பவே போயிடுச்சே. இன்னா பெர்சு, கத வுட்டுக்கினு கீறியா?"

அனிதா கேமராவை இறக்கினார். "இது அச்சுல வந்திருந்தா என் புத்தகமே பொய்யாயிருக்கும் சார். உங்களுக்கு அவரைத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியாதும்மா" என்றேன். அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு முப்பது வருடம் ஆகியிருக்கிறது.

அவர் பையிலிருந்து ஒரு பழைய போட்டோவை எடுத்து நீட்டினார். கம்பெனி யூனிஃபார்மில் ஒரு பையன், கையில் நீளமான கறுப்புப் பெட்டி. இவனா சாலமன்?

ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்கு என் வேனில் வந்த பையன்! அப்போது நானே டிரைவர். ஆளுக்கு ஒரு சீட்டு, பை மடியில், அதுதான் ரூல். அவன் பெட்டி மடியில் அடங்கவில்லை. "வேலைக்கு வரியா, கச்சேரிக்கு வரியாடா? எறங்கு" என்று பாதி வழியில் இறக்கிவிட்டேன். பிறகு அவன் வரவே இல்லை.

சொல்லாமல் விட்டிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் அந்த அம்மா வெறும் கையோடு நின்றார். சொல்லிவிட்டேன்.

திட்டுவார் என்று பார்த்தேன். நோட்டைத் திறந்தார். "வேன்லேர்ந்து எறக்கிவிட்ட அன்னிக்கே வேலைய விட்டுட்டுப் பாட வந்துட்டேன்னு அவர் எப்பவும் சொல்வார் சார். எந்த இடம்னு மட்டும் அவருக்கே ஞாபகம் இல்ல. உங்களுக்கு இருக்கா?"

இருந்தது. ஒரகடம் ரோட்டில் ஒரு சின்னப் பாலம். அங்கே கூட்டிப் போனேன். புத்தகத்தில் வீடு வரவில்லை, பாலம் வந்தது. போட்டோவுக்குக் கீழே, இறக்கிவிட்டவன் என்று என் பெயரும் வந்தது.

புதிதாக வண்டி ஓட்ட வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். கேள்விப்பட்ட இடத்தைக் காட்டாதீர்கள், நீங்கள் நின்ற இடத்தைக் காட்டுங்கள். தலை குனிய வைக்கிற இடமானாலும், வண்டியை அங்கேதான் நிறுத்த வேண்டும்.