கேத் என்றால் வயல்

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மளிகைக் கடை, அதன் பின்னால் மாவு மில், முனீர்காவில் மாடி வீடு. எட்டாம் வகுப்பைத் தாண்டாத நான் ஒருத்தன் கட்டியவை இவை. டில்லியில் நல்லெண்ணெய் எவன் வாங்குவான் என்று சிரித்தவர்களே இன்று என் கடையில் வரிசையில் நிற்கிறார்கள். அதையெல்லாம் ஊர் ஒப்புக்கொள்கிறது. சிறுவயதில் நான் செய்த ஒரு காரியத்தை மட்டும் என் வீடு இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

டில்லியில் ஆசிய விளையாட்டு நடந்த வருஷம். துவக்க விழாவில் ஆட அக்காவின் பள்ளிக்கூடத்துப் பெண்களையும் சேர்த்திருந்தார்கள். சரோஜினி நகரில் துணி எடுத்து, அவளுக்குப் பாவாடை தைத்துக் கொடுத்தது அம்மா. கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசைக்கே எங்கள் வீட்டில்தான் டி.வி. அப்பா ஆபீஸ் ஜீப் ஓட்டுகிறவர். டி.வி. அவர் பழையதாக வாங்கிப் போட்டது. மத்தியானமே கூடம் நிறைந்துவிட்டது.

டி.வி.காரன் பெண்களைக் காட்டவில்லை. மேடையில் உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்களைக் காட்டினான். அவர்கள் கை தட்டுவதைக் காட்டினான். எதற்குத் தட்டுகிறார்கள் என்பதைக் காட்டவில்லை.

"இவா மூஞ்சியத்தான் தினம் நியூஸ்ல பாக்கறோமே" என்றாள் மேல் வீட்டு மாமி. "கொழந்தைகளக் காமிச்சா இவனுக்கு என்ன கொறஞ்சுபோச்சு?"

கடைசியில் பாவாடைகள் வரிசையாக ஓடி வருவது தெரிந்தது. அம்மா எழுந்து டி.வி.க்குப் பக்கத்தில் போனாள். அந்த நேரம் பார்த்துப் படம் நின்று, ஹிந்தியில் எழுதிய ஒரு அட்டை வந்தது. வீட்டில் ஹிந்தி நன்றாகப் படிக்கத் தெரிந்தவள் அக்கா. அவள் மைதானத்தில் இருந்தாள். நான் எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தேன்: ருகாவட் கே லியே கேத் ஹை.

அப்பாவின் ஹிந்தி ஒர்க்‌ஷாப்பில் காதால் கற்றது. "ருகாவட்னா தடங்கல். கேத்னா வயலு" என்றவர், கொஞ்சம் யோசித்து, "வயலுன்னா மைதானந்தான. மைதானத்துல ஏதோ தடங்கல்னு போட்டிருக்கான்" என்றார்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "எம்புள்ள உள்ள நிக்காளே. ஏலே, ஓடிப் போய்ப் பாத்துட்டு வால."

செருப்புக்கூடப் போடவில்லை. கோட்லா சந்துகளில் புகுந்து, மாடுகளைத் தாண்டி, ஸ்டேடியம் வரை ஒரே ஓட்டம். போலீஸ்காரர் தடியை நீட்டினார். உள்ளே எல்லாம் சரியா என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் கேட்டேன். "டீக் ஹை, டீக் ஹை, சல் பாக்" என்றார்; எல்லாம் சரி, ஓடு என்று அர்த்தம். சுவருக்கு அந்தப் பக்கம் மேளமும் கைதட்டலும் கேட்டன. அது போதும் எனக்கு. திரும்ப ஓடி வந்து, ஒன்றும் ஆகவில்லை, ஆட்டம் நடக்கிறது என்று சொன்னேன். அதற்குள் டி.வி.யில் படம் வந்திருந்தது. பெண்கள் போய்விட்டார்கள். மறுபடியும் பெரிய மனிதர்கள்.

சாயங்காலம் அக்கா வந்து கதையைக் கேட்டுச் சிரித்தாள். "அப்பா, கேத்ல கடைசி எழுத்த அழுத்திச் சொன்னாத்தான் வயல். இது மெதுவா. தடங்கலுக்கு வருத்தம்னு அர்த்தம்."

"நம்ம வாயில ரெண்டும் ஒண்ணாத்தானட்டி வருது" என்றார் அப்பா.

பிறகு அவள், "என்னையப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

அம்மாதான் சொன்னாள்: "பாக்காம என்ன? மொத வரிசையில, பச்சப் பாவாடையில ஜம்முனு நின்ன."

இல்லை என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அப்பா என் தொடையைக் கிள்ளினார். எங்கள் டி.வி. கறுப்பு வெள்ளை. அதில் பச்சை எங்கிருந்து வந்தது, அது தெரிந்தும் அக்கா ஏன் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள் என்பதெல்லாம் அன்று எனக்கு விளங்கவில்லை. அவ்வளவு தூரம் ஓடியவனை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தவர்கள் பெயர் வாங்குகிறார்கள் என்றுதான் பட்டது.

வீட்டு விசேஷங்களில் இன்றும் இந்தக் கதை ஓடுகிறது. அப்பாவின் வயல் வரும், அம்மாவின் பச்சைப் பாவாடை வரும். நான் வருவதில்லை. அட்டையை ஓர் எழுத்துப் பிசகாமல் படித்தவன் நான். அர்த்தம் சொன்னது அப்பா. அக்கா ஆடிக்கொண்டிருக்கிறாள் என்ற செய்தியை டி.வி. கொடுக்கவில்லை, நான் கொடுத்தேன். அன்று அந்த வீட்டுக்கு நேரடி ஒளிபரப்பு நான்தான். இனிமேல் சொல்கிறவர்கள் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.