பேஸ்லைனில் நான் விட்ட பிழை

டொக்டர் இரண்டு தாள்களை மேசையில் வைத்தார். ஒன்று, இருபது வயதில் நான் மெல்பேர்னில் செய்த ஞாபகப் பரீட்சையின் முடிவு. மற்றது, போன கிழமை லண்டனில் செய்தது. அவர் மதுரைக்காரர், எங்களோடு தமிழில்தான் பேசுவார்.

“ரெண்டுலயும் ஏறக்குறைய ஒரே மார்க். பெருசா எதுவும் மாறல. பயப்படாதீங்க.”

என் மனைவி ஜெசிந்தா சிலுவை போட்டுக்கொண்டாள். நான் பழைய தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மகளின் பாடசாலை வரை காரில் போயும் அவளை ஏற்ற மறந்து, இரண்டு தரம் எங்கள் இல்ஃபோர்ட் வீட்டு வாசலில் தனியே வந்து நின்றவன் நான். அதற்குப் பிறகுதான் இந்த டொக்டரிடம் வந்தோம்.

பத்து வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து மெல்பேர்ன் போனேன். அங்கே அவுஸ்திரேலியன் ஃபுட்போலைச் சம்பளத்துக்கு விளையாடினேன். முட்டை வடிவப் பந்து, அணிக்குப் பதினெட்டுப் பேர், ஹெல்மெட் கிடையாது. சீசனுக்கு முன்னால் ஒரு ஞாபகப் பரீட்சை வைப்பார்கள். அதன் பெயர் பேஸ்லைன். மேட்சில் தலையில் அடிபட்டால் திரும்ப வைப்பார்கள். பேஸ்லைனைவிட மார்க் குறைந்தால் வெளியே உட்கார வேண்டியதுதான். சீனியர் ஒருவன் முதல் நாளே வழி சொல்லித் தந்தான்: பேஸ்லைனில் வேண்டுமென்றே பிழை விடு, பிறகு எவ்வளவு அடிபட்டாலும் பாஸ். அவர்கள் வாசித்த பத்துச் சொல்லும் நினைவில் இருக்க, நாலைச் சொல்லிவிட்டு முழித்தேன். பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பு.

மூன்றாம் வருடம் ஒரு மேட்சில் எவனோ ஒருவனின் முழங்கால் என் தலையில் பட்டது. பரீட்சை வைத்தார்கள், பாஸ். திரும்ப இறங்கி, எதிரணிக்காரன் ஒருவனின் தாடையை முழங்கையால் உடைத்திருக்கிறேன். டிவியில் பார்த்துத்தான் அறிந்தேன். அவன் வாரக்கணக்கில் ஸ்ட்ரோ வைத்துத்தான் சாப்பிட்டான். இன்றைக்கும் அதை நினைக்க வெட்கமாக இருக்கிறது.

விசாரணையில் ஞாபகம் இல்லை என்றேன். பரீட்சை பாஸ் பண்ணியவனுக்கு எப்படி மறக்கும் என்று கேட்டார்கள். பதில் என்னிடம் இருந்தது, ஆனால் சொன்னால் களவு வெளிவரும். வாயை மூடிக்கொண்டேன். தடை போட்டார்கள், பேப்பர்கள் பொய்யன் என்று எழுதின, கிளப் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. லண்டனுக்கு வந்து ஜிம் ஒன்றில் டிரெயினர் ஆனேன். ஜெசிந்தாவைக் கட்டியது அதற்குப் பிறகு. தாடை உடைத்த கதை அவளுக்குத் தெரியும். பேஸ்லைன் கதை தெரியாது.

டொக்டர் ஃபைலை மூடப்போனார். பேசாமல் விட்டால் சிகிச்சை இல்லை. பேசினால் அவள் முன்னால் மானம் போகும். மகள் பாடசாலை வாசலில் நின்றதை நினைத்தேன்.

“டொக்டர், அந்தப் பழைய மார்க் பொய். நான் வேணுமெண்டுதான் பிழை விட்டனான்.”

முழுவதையும் சொன்னேன். ஜெசிந்தா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. டொக்டர் பழைய தாளை உருவித் தனியே வைத்தார். இனி இதை வைத்து ஒன்றும் சொல்ல ஏலாது, எவ்வளவு போயிருக்கிறது என்று அளக்க வழியில்லை என்றார். ஸ்கேனுக்கு எழுதினார். பிறகு ஜெசிந்தாவிடம், கல்யாணமான புதிதில் நான் எப்படி இருந்தேன் என்று கேட்டார்.

“அப்பவும் இப்பிடித்தான், டொக்டர். மறதி இவரின்ர குணம் எண்டு நான் நினைச்சன்.”

விளையாடப் போகிற பிள்ளைகளே, முதல் பரீட்சையை ஒழுங்காகச் செய்யுங்கள். அடிபடுவதற்கு முன் நான் எப்படிப்பட்டவன் என்று என் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.