சுவரோடு பேசும் ஞானசிங்

ஞானசிங் வெள்ளிக்கிழமைதோறும் சுவரோடு பேசுகிறார் என்று லாண்டரிக்காரர் சொன்னதாக ஷைஜு மெஸ்ஸில் சொன்னான். பேசுவது மட்டுமில்லை, சிரிக்கவும் செய்கிறாராம். ஒருநாள் மூக்கைச் சிந்தினாராம். "சுத்தியும் ஆளு மாஃபி, ஒருத்தரும் இல்ல, பாத்துக்கிடுங்க," என்றான். பக்கத்து அறையில் இருப்பவன் அவன்தான். ஆனாலும் பழியை லாண்டரிக்காரர் பேரிலேயே வைத்தான்.

செய்தி பாதி உண்மை. வளைகுடாவில், ருவைஸ் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வால்வு பழுதுபார்க்கும் ஞானசிங், வெள்ளிக்கிழமை டூட்டி முடிந்ததும் குளித்துவிட்டு, இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, பெல்ட், ஷூ எல்லாம் அணிந்து, தன் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே நாற்காலியில் உட்காருவார். அலமாரி மேலிருக்கும் சின்ன புரொஜெக்டர் சுவரில் ஊமைப் படம் காட்டும். காதில் ஹெட்ஃபோன். மறுமுனையில், குவைத் அப்பாசியாவில், நர்ஸுகள் சேர்ந்து வாடகைக்கு எடுத்த ஃபிளாட்டில் அவர் மனைவி தங்கபுஷ்பம் அதே படத்தை லேப்டாப்பில் திறந்து வைத்திருப்பாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொல்லி இருவரும் ஒன்றாகப் பட்டனை அழுத்துவார்கள்.

பேசும் படத்தை முயன்று பார்த்தாயிற்று. "அவனுவ பேசுனா இவ பேசுகது கேக்காது. இவ பேசுனா அவனுவ பேசுகது கேக்காது. ரெண்டும் நஷ்டம்," என்பார்.

படங்கள் எல்லாம் ஒரே இயக்குநருடையவை. நூறு வருடத்துக்கு முந்திய ஹாலிவுட்காரர். பெயரைச் சொல்ல நாக்கு வளையாததால் இவர்களுக்கு அவர் 'நம்ம ஆளு'. நம்ம ஆளு சிரிப்புப் படமும் எடுத்தார், அழுகைப் படமும் எடுத்தார். இரண்டுக்கும் ஒரே வீட்டு செட். சிரிப்புப் படத்தில் மாமனார் மூக்கில் வந்து மோதுகிற கதவைத்தான் அழுகைப் படத்தில் மனைவி சாத்திவிட்டுப் போவாள். இதைக் கண்டுபிடித்தவள் தங்கபுஷ்பம். "ஆமா, அதே கீலாக்கும்," என்று ஞானசிங் ஒத்துக்கொண்டார். அன்றிலிருந்து அந்தக் கதவைக் கண்டால் இருவரும் சேர்ந்து "வந்தாச்சு" என்பார்கள்.

ஒரு வாரம் சிரிப்பு, மறு வாரம் அழுகை. விதி ஒன்றே ஒன்று: தனியாகப் பார்க்கக்கூடாது. லீவு நாட்களைத் தவிர்த்தால், இந்தத் தம்பதி சேர்ந்து செய்கிற காரியம் இது மட்டுந்தான்.

போன வெள்ளிக்கிழமை அழுகையின் முறை. வேலைக்குக் கூப்பிட்டிருக்கும் அயர்லாந்து ஆஸ்பத்திரிக்கு இரண்டு நாளில் பதில் சொல்ல வேண்டும் என்று தங்கபுஷ்பம் நினைவுபடுத்தினாள்.

"நீங்களும் வருவீங்களா, நான் மட்டும் போணுமா? அத மட்டும் சொல்லுங்க."

"படம் முடியட்டும், சொல்லுகேன்."

"ஒங்களுக்கு எல்லாத்துக்கும் ஒரு படம் முடியணும்," என்று சிரித்தாள்.

படத்தில் கணவன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். மனைவி பெட்டியோடு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். "வந்தாச்சு," என்றார்கள் இருவரும். அடுத்து துறைமுகம். அவள் கப்பல் ஏணியில் கால் வைத்தாள்.

"பயப்படாத புஷ்பம்," என்றார் ஞானசிங். "தொப்பிகூட இல்லாம ஓடி வருவான் பாரு."

சுவரில் இன்னும் யாரும் ஓடி வரவில்லை.

"தனியா பாத்துட்டீங்க."

"புதன்கிழம பாத்தேன்... படத்துல அவ போயிருவாளோன்னு ஒரு இது. முடிவு தெரிஞ்சா ஒனக்குப் பதில் சொல்ல லேசா இருக்கும்னு நெனச்சேன்."

"அவன் வருவான்னு தெரிஞ்சுக்கிட்டீங்க. சரி. நீங்க வருவீங்களான்னு நான் எந்தப் படத்துல பாக்க?"

அழைப்பைத் துண்டித்துவிட்டாள்.

ஞானசிங் படத்தை நிறுத்தினார். அவளைக் கூப்பிட்டார். மணி அடித்து ஓய்ந்தது. ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி கூப்பிட்டார்.

ஷைஜு அந்தப் பக்கமிருந்து சுவரைத் தட்டினான். "அண்ணாச்சி, இன்னைக்கு ஒரு சத்தத்தையும் காணோமே. ஒடம்பு சரியில்லியா?"

"படம் நிக்கி டே. ஒன் சோலியப் பாரு."

ஒரு கையில் ஃபோன் அவளை அழைத்துக்கொண்டிருக்க, மறுகையால் படத்தைப் பின்னோக்கி ஓட்டினார். அந்தப் பெண் ஏணியிலிருந்து முதுகு காட்டி இறங்கினாள். முதுகு முன்னே வரத் தெருவைக் கடந்தாள். சாத்திய கதவு திறந்தது. பெட்டியோடு வீட்டுக்குள் போனாள். அங்கே நிறுத்தினார்.

"வாறேன்," என்றார் ஒருமுறை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "நானும் வாறேன் புஷ்பம்," என்றார்.

இந்தத் தடவை சுவரிடம்தான். மறுமுனையில் அவள் ஃபோன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.