ஒன்பதாம் இலக்கக் கதவு

அஸருக்குப் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. தொழுகைக்கு வுழு செய்ய நான் குழாயடிக்குப் போன நேரம் கைபேசி அடித்தது. மகள். துருக்கியில் அப்போது மதியம். குழந்தையை உறங்க வைக்கிற அந்த நேரத்தில் அவள் எனக்கு எடுப்பதே இல்லை.

"உம்மா, சத்தம் போடாதீங்க. யாரோ கதவத் திறக்கப் பார்க்காங்க."

குரல் வரவில்லை, மூச்சுத்தான் வந்தது.

"மருமகனா இருக்கும் புள்ள."

"அவர் வேலையில. இப்பதான் கதைச்சன். இது வேற ஆக்கள். சாவி போட்டுத் திருப்புறாங்க உம்மா."

எனக்கும் அது கேட்டது. பூட்டுக்குள் சாவி நுழைவதும் திருப்பினால் திரும்பாமல் நிற்பதும். மறுபடியும் அதே சத்தம். சாய்ந்தமருதில் என் வீட்டுக் குழாயடியில் நின்றுகொண்டு, பல ஆயிரம் மைலுக்கு அப்பால் என் பிள்ளையின் கதவை யாரோ திறக்க முயல்வதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"திறக்காத. புள்ளையத் தூக்கிட்டு உள் அறைக்குப் போ."

அவள் போகவில்லை. கதவுக்குக் கிட்டப் போய் அந்த நாட்டு மொழியில் யாரென்று கேட்டாள். வெளியே ஒரு பெண் குரல் ஏதோ சொன்னது. கோபமாக இல்லை. அழுகிற குரல் போல இருந்தது.

"என்ன சொல்றா?"

"இது என்ட வீடு, நீ ஆரு எண்டு கேக்கிறா உம்மா."

குடிபோன கிழமையே மருமகன் கம்பனி போட்டிருந்த பூட்டைக் கழற்றிப் புதிதாக ஒன்று போட்டிருந்தார். அதனால்தான் அந்தச் சாவி திரும்பவில்லை என்று நினைத்துக்கொண்டோம். சற்று நேரத்தில் காலடிகள் படியிறங்கிப் போயின.

அந்த வீட்டை வாங்கியது நாங்கள்தான். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு நிக்காஹ் என்றால் வீடு கொடுக்க வேண்டும். மருமகன் மருதமுனைப் பிள்ளை. துருக்கிக்குப் படிக்கப் போய், அங்கேயே வேலையும் எடுத்துக்கொண்டார். "இஞ்ச வீட்டக் கட்டி ஆர் இருக்கிற? வெளவாலா?" என்று என் கணவர் கேட்டார். நாவிதன்வெளியில் அவருக்கு இருந்த வயலை விற்று, மகள் போய் இருக்கும் ஊரிலேயே மாடி வீடொன்று வாங்கலாம் என்று முடிவெடுத்தோம். மலைச்சரிவில் புதிதாகக் கட்டிய ஒரு கட்டடம். கட்டிய கம்பனி சாவியைத் தந்தது. கதவில் ஒன்பது என்று இலக்கமிட்ட வீடு. மகள் கைபேசியைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகக் காட்டினாள். என் கணவர் சுவரைத் தட்டிப் பார்க்கச் சொன்னார். அவளும் தட்டினாள்.

வீட்டின் உறுதிப் பத்திரம் மட்டும் வரவில்லை. அங்கே அதைத் தாப்பு என்கிறார்கள். அடுத்த மாதம் என்றார்கள். அடுத்த மாதம் போனால் நகரசபைக் கையொப்பம் என்றார்கள். பிறகு கட்டட வரைபடத்தில் சின்னத் திருத்தம் என்றார்கள். பிறகு தொலைபேசியை எடுக்கவில்லை.

உறுதி இல்லாத வீடு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். சுனாமியில் கடல் வந்த வருடம் எங்கள் கடற்கரை வீடு போனபோது அலுமாரியும் உறுதியும் சேர்ந்து போயின. அத்திவாரம் மட்டும் மணலில் கிடந்தது. அந்த மண் நம்முடையதுதான் என்று காட்ட என் வாப்பா ஏறி இறங்காத கந்தோர் இல்லை. அவர் மௌத்தாகும்வரை அந்த அலுவல் முடியவில்லை. அப்போது பட்ட பயத்தை யாரிடமும் சொல்லாமல் உள்ளே வைத்திருந்தேன். மகள் அந்த மூச்சுக்குரலில் பேசியபோது அது முழுதாக எழுந்து வந்தது.

கணவர் பள்ளிவாசலிலிருந்து வந்ததும் சொன்னேன். தொப்பியைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் இருந்துவிட்டார்.

"அப்ப நாம வாங்கினது ஆர்ட வீட்ட?" என்றார்.

மறுநாள் மருமகன் கம்பனிக்குப் போனார். கதவில் பூட்டு. கல்முனைக் கடைத்தெருவில் கணவரிடம் ஒருவர், "கம்பனிக்காரன் ஓடினா வங்கிதான் வரும். வந்தா இருக்கிற ஆக்கள வீட்டால எழுப்பிப்போடும்" என்று சொல்லிவிட்டார். அவர் தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று நாங்கள் விசாரிக்கவில்லை. நம்பிவிட்டோம்.

நான் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்குப் படிப்பிக்கிறேன். மேசை லாச்சிக்குள் கைபேசி அதிர்ந்தால் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும் கை அப்படியே நின்றுவிடும். பிள்ளைகள் அடுத்த எழுத்துக்காகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கணவர் காலையில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனால் எங்கே போகிறார் என்று சொல்வதில்லை. ஒரு நாள், வயலை வாங்கினவரே எனக்கு எடுத்தார். எங்கள் பக்கத்தில் அக்காவைத் தாத்தா என்போம், அண்ணனைக் காக்கா என்போம். "தாத்தா, காக்கா இஞ்ச வந்து வரம்பில நிக்கார். தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டும் வாறாரில்ல. ஒருக்காக் கதையுங்க" என்றார். வீட்டுக்கு வந்தவர் "பயிர் நல்லா வந்திருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். இந்த மனிதருக்கு ஏதும் ஆகிவிடுமோ என்ற பயமும் அன்றிலிருந்து சேர்ந்துகொண்டது.

"நீ புள்ளையோட இஞ்ச வந்திரு" என்று மகளிடம் கெஞ்சினேன்.

"நான் வெளிக்கிட்டா அவங்க உள்ள வந்திருவாங்க உம்மா. மறுகா நாம ஆரிட்டப் போய்ச் சொல்ற?"

கடைக்குப் போவதைக்கூட அவள் விட்டுவிட்டாள். மருமகன் வேலை முடிந்து வரும்வரை ஜன்னல் சீலையை இழுத்துவிட்டு இருந்தாள்.

அந்தப் பெண் மறுபடி வந்தது ஒரு மழை நாளில். நான் இடைவேளையில் ஆசிரியர் அறையில் இருந்தேன். "உம்மா, அவ வந்திருக்கா. ஒரு வயசாளியும் கூட. படியில இருந்து இருமினார். நனைஞ்சு போய்க் கிடந்தார்."

"திறக்காத எண்டு சொன்னன்!"

"திறந்திட்டன் உம்மா."

ஆசிரியர் அறையில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் கத்தியிருக்க வேண்டும். வெளியே ஓடி வேப்பமரத்தடியில் நின்று கைபேசித் திரையைப் பார்த்தேன். என் வயதுப் பெண் ஒருத்தி, தலையில் ஈரத் துணி, என் மகளின் கூடத்தில் நின்றாள். பின்னால் ஒரு முதியவர் இரண்டு கைகளாலும் கோப்பையைப் பிடித்துச் சுடுநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவள் திரையில் என்னைக் கண்டதும் ஸலாம் சொன்னாள். நானும் பதில் சொன்னேன். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்த மொழி அவ்வளவுதான்.

மற்றதை மகள் சொன்னாள். சிரியாக்காரி. போரில் கணவனும் போய் வீடும் போய், வாப்பாவோடு வந்தவள். இருந்த நகைகளை விற்று, இந்தக் கட்டடம் எழும்புவதற்கு முன்பே, வரைபடத்தைப் பார்த்து ஒன்பதாம் இலக்க வீட்டை வாங்கியிருக்கிறாள். கம்பனி கொடுத்த சாவி அது. வாடகை வீட்டிலிருந்து எழும்பச் சொல்லிவிட்டார்கள். அவளுக்கும் உறுதி இல்லை.

எனக்கு இரக்கம் வந்தது. அதைவிடப் பெரிதாகப் பயம்தான் வந்தது. என் மகள் இளகின மனசுக்காரி. இவள் இன்னும் கொஞ்சம் அழுதால் வீட்டைக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடுவாள் என்று பயந்தேன்.

ஆனால் அன்று அவர்கள் இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு வேறு. காணி அலுவலகத்துக்கு ஒன்றாகப் போவது. தனியாகப் போனபோதெல்லாம் மருமகனைக் கம்பனியிடம் கேள் என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். இப்போது ஒரே வீட்டுக்கு உரிமை சொல்லி இரண்டு குடும்பங்கள் முன்னால் வந்து நின்றதும், ஓர் உத்தியோகத்தர் கட்டடத்தின் வரைபடத்தை எடுத்து விரித்தாராம்.

நானும் கணவரும் மேசையில் கைபேசியை வைத்துக்கொண்டு இருந்தோம். அவர் விரல்கள் தஸ்பீஹ் மணிகளில் ஓடிக்கொண்டிருந்தன. மகள் எடுத்தபோது அவர்தான் பேசினார்.

"வாப்பா, வீடு ரெண்டு இருக்கு."

கட்டடம் சரிவில் நிற்கிறது. கீழே ஒரு தெரு, மேலே ஒரு தெரு. படம் வரைந்தவர்கள் கீழ்த்தெருவிலிருந்து மாடிகளை எண்ணி இலக்கமிட்டார்கள். கதவுக்கு இலக்கம் அடித்தவர்கள் மேல்தெருவிலிருந்து எண்ணினார்கள். படத்தில் இருந்த ஒன்பதை அவளுக்கு விற்றார்கள். கதவில் இருந்த ஒன்பதை எங்களுக்கு விற்றார்கள். அவளுடைய உண்மையான வீடு எங்களுக்கு நேர் கீழே, கம்பனியின் சீமெந்து மூடைகள் அடுக்கிப் பூட்டிக் கிடந்தது. இந்தக் குழப்பம் திருத்தப்படாமல் அந்தக் கட்டடத்தில் யாருக்கும் உறுதி எழுத முடியாது.

"அப்ப நம்மட வீடு நம்மடதுதானே?"

"ஓம் வாப்பா. ஆனா படத்தில நம்மட வீட்டுக்கு இருக்கிற இலக்கத்தை வேற ஆருக்கும் வித்திருக்காங்களா எண்டு இன்னும் பார்க்கணும்."

அந்த "இன்னும்" என்ற சொல்லோடுதான் பிறகு வந்த மாதங்களை நாங்கள் கழித்தோம். நோன்பு வந்து போனது. ஹஜ்ஜுப் பெருநாளும் போனது. மருமகன் ஒரு சட்டத்தரணியைப் பிடித்தார். கம்பனி முதலாளியைத் தேடிக் கையொப்பம் வாங்கினார்கள். நகரசபையிலிருந்து ஆள் வந்து மாடி மாடியாக அளந்தார். ஒவ்வொரு முறை மகள் எடுக்கும்போதும், இதோ மூன்றாவது ஒருவர் வந்துவிட்டார் என்று சொல்லப்போகிறாள் என நினைத்துக்கொண்டே காதில் வைப்பேன். அப்படி யாரும் வரவில்லை.

உறுதியின் படத்தை மகள் அனுப்பிய அன்று கணவர் கண்ணாடியைத் தேடாமல் கைபேசியை என்னிடம் நீட்டினார். "பேரப் பாருங்க. அவட பேர்தானா?" மகளின் பெயர்தான். அன்று பின்னேரம் அவருக்குக் காய்ச்சல் வந்து ஒரு கிழமை எழும்பவில்லை.

கீழ் வீட்டை மகளும் அந்தப் பெண்ணுமாகத்தான் துப்புரவாக்கினார்கள். இப்போது மகள் சந்தைக்குப் போனால் குழந்தை அவளிடம் இருக்கிறது. முதியவர் அதற்கு அரபு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறாராம். ஆனால் அந்த வீட்டைக் கம்பனி முன்பே வங்கியில் ஈடு வைத்திருக்கிறது. வழக்கு நடக்கிறது. வழக்கு நாட்களில் மருமகன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவளோடு போகிறார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து சோற்றுக்கு இருக்கும்போது என் கணவர் கேட்பார்: "அந்தக் கீழ் வீட்டுப் புள்ளைட உறுதி என்னாச்சாம்?"

"இன்னும் வரல்ல" என்பேன்.

அவர் சோற்றைப் பிசைந்தபடி கொஞ்ச நேரம் இருப்பார். பிறகு சாப்பிடுவார்.