ஒரே ஒரு பாட்டு

போன வாரம் துணி மடித்தபடியே போனைத் தடவிக்கொண்டிருந்தபோது அந்தக் கேசட் அகப்பட்டது. கேசட் என்றால் கேசட் இல்லை, அதன் அட்டைப்படம். ஊதாச் சுழல், அதன் நடுவே ஆரஞ்சுச் சூரியன். விரலை வைத்ததுதான் தாமதம், முதல் 'தும் தும்' விழுந்ததும் கையில் மயிரெல்லாம் எழுந்து நின்றுவிட்டது. துணியை அப்படியே போட்டுவிட்டுக் கூடத்தில் தனியாக நின்று ஆடினேன். என் வயதைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

ஆடிக்கொண்டிருக்கும்போதே பாட்டு முடிந்தது. ஒரு மூச்சு மௌனம். அப்புறம் வேறொரு பாட்டு தொடங்கியது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏனென்றால் அது மொத்தமும் ஒரே பாட்டுதான் என்று, தெருவே கூடியிருந்த இடத்தில், அப்பாவிடம் அடித்துச் சொன்னவள் நான்.

சிங்கப்பூரில் வேலை பார்த்த மாமா, அம்மாவின் தம்பி, ஒரு டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டரோடு சேர்த்துக் கொண்டுவந்த கேசட் அது. ட்ரான்ஸ், ஹவுஸ் என்று அந்த இசைக்குப் பெயர்கள் உண்டு, ஐரோப்பாவில் விடிய விடிய ஆடுகிறவர்களுக்காக இடைவெளியே விடாமல் பல பாட்டுகளைக் கோர்த்த தொகுப்பு அது என்பதெல்லாம் எங்கள் பிள்ளையார்பாளையத்துத் தறி வீட்டில் யாருக்குத் தெரியும்? ஒரு பாட்டு அடங்குவதற்குள் அதன் அடியிலிருந்தே அடுத்தது கிளம்பி வந்துவிடும். எங்கே ஒட்டுப்போட்டார்கள் என்று என் காதுக்குத் தெரியவே தெரியாது. போனில்தான் ஒவ்வொன்றையும் தனித்தனியாக வெட்டி வைத்திருக்கிறார்கள்.

"மாவு மிஷின்ல யாரோ மாட்டிக்கினாப்புல இருக்குது," என்றாள் அம்மா. எதிர்வீட்டு அக்கா அதற்கும் மேலே போனாள். "தாளம் போய்க்கினே இருக்குது, பாடறவ இன்னும் வாயத் தொறக்கலயேமா. அவளுக்கு யாரு வெத்தல பாக்கு வெக்கணும்?"

என் அக்கா மட்டும் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். காணும் பொங்கல் சாயங்காலம் தெருமுனையில் மேடை போடுவார்கள். பையன்கள் இஷ்டத்துக்கு ஆடுவார்கள், பெண்பிள்ளைகளுக்குக் கோலப்போட்டியோடு சரி. அந்த வருஷம் அக்காவும் அவள் சிநேகிதிகள் இரண்டு பேரும் மேடையேறியே தீருவது என்று நின்றார்கள்.

வீட்டில் எதற்கும் பெரியப்பா தலையசைக்க வேண்டும். அப்பா அவர் எதிரில் உட்காரக்கூட மாட்டார். நாலு நாள் அழுகைக்குப் பிறகு பெரியப்பா தீர்ப்புச் சொன்னார். "ஒரு பாட்டு. முடிஞ்சதும் எறங்கி வந்துடணும். இத்தோட சரி. அடுத்த வருஷம் மேட கீடன்னு பேச்சே வரக்கூடாது."

அப்பா தூணோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா, "சரி பெரியப்பா," என்றாள். ஒரு ரிப்பனுக்கே மூன்று நாள் சண்டை போடுகிறவள், வாழ்நாளுக்கெல்லாம் ஒரே பாட்டு என்றதை அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டது எனக்கு வியப்பாக இருந்தது.

என்னை மைக் செட் அருகில் உட்காரவைத்தாள். "சத்தம் நின்னாத்தான் பாட்டு முடிஞ்சுதுன்னு அர்த்தம். யாரு கேட்டாலும் உள்ளதச் சொல்லு, போதும்," என்றாள். இது எனக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. பால் பொங்கி வழிந்ததிலிருந்து யார் பரீட்சையில் கோட்டைவிட்டார்கள் என்பதுவரை எல்லாவற்றையும் நேரே போய் ஒப்பிக்கிறவள் நான். என்னிடம் யாரும் ரகசியம் சொல்லமாட்டார்கள். ஆனால் நான் சொன்னால் எல்லோரும் நம்புவார்கள்.

பாட்டு தொடங்கியது. ஸ்பீக்கர் பெட்டி குதித்தது. முதலில் கூட்டம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. பிறகு கைதட்டல் தொடங்கியது. அக்காவின் பின்னல் ஒரு பக்கம் பறக்க, தாவணி முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு அவள் ஆடின ஆட்டம் இருக்கிறதே, அதை நான் இன்னமும் எந்த மேடையிலும் பார்க்கவில்லை. தாளம் ஏறும்போதெல்லாம் மூன்று பேரும் சேர்ந்து குதித்தார்கள். பையன்கள் பொறுக்கமாட்டாமல் கீழேயே ஆடத் தொடங்கிவிட்டார்கள். எதிர்வீட்டு அக்கா இடுப்பில் குழந்தையோடு தோளைக் குலுக்கினாள். கொஞ்ச நேரத்தில் அந்தத் தெருவில் ஆடாதது தெருவிளக்குக் கம்பம்தான்.

அதுவும் பெரியப்பாவும். முன்வரிசை நாற்காலியில் இருந்து அவர் திரும்பி அப்பாவைப் பார்த்தார். அப்பா எழுந்து என்னிடம் வந்து குனிந்தார்.

"பாட்டு முடிஞ்சுதா பாப்பா?"

"இல்லப்பா."

போய்ச் சொன்னார். சற்றுப் பொறுத்துப் பெரியப்பா மறுபடி திரும்பினார். அப்பா மறுபடி வந்தார். அதற்குள் தாளம் மாறி, ஒரு பெண் குரல் வேறு புதிதாக வந்து சேர்ந்திருந்தது. மைக் செட்காரர் சிரித்துக்கொண்டே, "ணா, இது வந்து..." என்று ஆரம்பித்தார்.

"உன்னக் கேக்கலபா. பாப்பா சொல்லட்டும்."

"முடியலப்பா. இன்னும் ஓடிக்கினே இருக்குது," என்றேன் நான்.

மூன்றாவது தடவை பெரியப்பா கையையே நீட்டிக் காட்டினார். அப்பா வந்தார், கேட்டார், நான் சொன்னேன், போனார். கடைசியில் கேசட்டின் அந்தப் பக்கம் முழுக்க ஓடித் தானாகவே 'டக்' என்று நின்றபோது அக்காவும் சிநேகிதிகளும் மேடையிலேயே மடங்கி உட்கார்ந்து சிரித்தார்கள். அப்படி ஒரு விசில் சத்தத்தை எங்கள் தெரு கேட்டதில்லை. பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "அந்த ஊர்ல பாட்டுக்கு முடிவே வெக்கமாட்டானுங்களா," என்றார். அக்கா கொடுத்த வாக்கில் ஒரு பழுதும் சொல்ல அவருக்கு வழியில்லை.

அக்கா என்னை ஏன் அங்கே உட்காரவைத்தாள் என்பது போன வாரம், விட்ட துணியை மடித்து முடிப்பதற்குள் புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டேன். அப்பா விஷயம்தான் நேரம் எடுத்தது. அடுத்த அறையில் தறியில் ஓர் இழை அறுந்தால் இங்கிருந்தே சத்தத்தில் சொல்லிவிடுகிற காது அவருக்கு. பாட்டு மாறினது அந்தக் காதுக்கா தெரியாது? மேடையைப் பார்த்துக்கொண்டே வருவார், என்னிடம் குனிவார், நான் சொன்னதை அப்படியே அண்ணனிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பார். விஷயம் தெரிந்த மைக் செட்காரர் பக்கத்திலேயே நின்றும் அவரை வாய் திறக்கவிடவில்லை.

எனக்கு அன்று தெரிந்ததெல்லாம், அவ்வளவு பெரிய கூட்டத்தில் அப்பா என்னிடம் மட்டும் வந்து கேட்கிறார் என்பதுதான். ஒவ்வொரு தடவையும் போன தடவையைவிட உரக்கச் சொன்னேன்.