காலரக்காவின் பக்கத்து மெஷின்

சட்டைத் தொழிற்சாலையில் வருகைப் பதிவு எழுதுவது என் வேலை. என் மேசைக்கு எதிரே காலர் தைத்தவளை எல்லோரும் காலரக்கா என்றே கூப்பிட்டார்கள். சிறு வயதிலேயே கணவனை இழந்து, அந்த மெஷினை மிதித்தே ஒற்றை மகனை ஆளாக்கியவள். அவள் தைத்த காலரை வாங்கிச் சட்டையில் பொருத்துபவள் பக்கத்து மெஷின்காரி. இருவருக்கும் வாய் ஓயாது.

"என்னடி, உன் மெஷின் ஓடுதா, தூங்குதா?"

"உங்க கை அசைஞ்சாத்தானே எனக்கு வேலை, மகாராணி!"

மாலையில் மகன் சைக்கிளில் வந்து வாசலில் மணியடிப்பான். "மகாராணிக்குத் தேர் வந்தாச்சு," என்பாள் பக்கத்து மெஷின்காரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடித்துவிட்டு வேன் ஓட்டிய ஒருவன், சாலையோரம் போன அந்தச் சைக்கிளை இடித்துத் தள்ளினான். பிள்ளை அங்கேயே போய்விட்டான். வேனை ஓட்டியவன் பக்கத்து மெஷின்காரியின் மகன்.

காலரக்கா மறுபடி வேலைக்கு வந்த அன்றே மற்றவளும் வந்தாள். மகன் சிறையில், வீட்டில் கணவர் படுத்த படுக்கை. இந்த வேலையும் போனால் அடுப்பு எரியாது.

மேற்பார்வையாளர் காலரக்காவிடம் குனிந்து, "ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா, அவங்களை நிறுத்திடுறேன்," என்றார். அவள் அடுத்த காலரை எடுத்து ஊசிக்கடியில் வைத்தாள்.

மாலைக்குள் வினை வந்தது. ஒரு கட்டுச் சட்டைகள் முழுவதிலும் காலரின் உள்பக்கம் வெளியே தெரியும்படி பக்கத்து மெஷின்காரி தைத்து வைத்திருந்தாள்.

"நேத்து வந்த பொண்ணுகூட இப்படித் தைக்காதும்மா!" என்று மேற்பார்வையாளர் கத்தினார்.

"நான் போயிடுறேன் சார்," என்று அவள் எழுந்தாள்.

காலரக்கா அந்தக் கட்டை இழுத்து, பாதியைத் தன் மடியில் வைத்துக்கொண்டு மீதியை அவள் பக்கம் தள்ளினாள்.

"உக்காருடி. பிரி."

"அக்கா... என் புள்ள..."

"அவன் பேச்சை எடுக்காதே. மன்னிச்சுட்டேன்னும் நினைச்சுக்காதே. என் வயிறு எரியறது எரியறதுதான். வேனை ஓட்டினது நீ இல்ல. பிரி."

மேற்பார்வையாளர் நகர்ந்துவிட்டார். இருவரும் குனிந்து நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வெளியே யாரோ சைக்கிள் மணியடித்தார்கள். இரண்டு தலைகளும் ஒன்றாக நிமிர்ந்தன, பிறகு குனிந்தன.

காலரக்கா ஓய்வு பெறும்வரை அந்த மெஷின்கள் பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்தன. அந்தப் பழைய பேச்சுதான் திரும்பவே இல்லை.