ஹாரன் அக்கா மூச்சு விட்ட கதை

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் அவளை எல்லோரும் ஹாரன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டியில் இருக்கும் ஹாரனை அவள் குரல் முந்திக்கொள்ளும். "கிளட்ச்! கிளட்ச்! அது உன் கால்தானா, இரவல் வாங்கினதா?" என்று அவள் கத்தினால், தெருவில் நடந்து போகிறவன்கூடத் தன் காலைக் குனிந்து பார்ப்பான்.

வீட்டுக்கு வந்தும் அந்த வேகம் இறங்காது. தூக்கத்திலேயே வலது காலால் பிரேக் மிதிப்பாள். வலது பக்கம் படுத்திருப்பவர் கணவர். பேக்கரியில் கேக்குக்கு அலங்காரம் செய்கிறவர், பரம சாது. ஒருநாள் காலையில் நொண்டியபடி வேலைக்குப் போனவர், திரும்பும்போது ஆயுர்வேத வைத்தியரிடம் நேரம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"எனக்கு என்ன வியாதியாம்?"

"உனக்கு ஒண்ணுமில்ல. வலி எனக்குத்தான். ஆனா நீ போனாத்தான் எனக்குச் சரியாகும்."

வைத்தியர் நரைத்த முடியை இறுக்கிக் கட்டிய ஒரு பெண்மணி. நாடி பிடித்துக்கொண்டே கேட்டார். "சாப்பாடு?"

"சிவப்பு விளக்கு விழுந்தா ஒரு வாய். பச்சை விழுந்தா மூடி வெச்சிடுவேன்."

"மாசவிலக்கு?"

"அதுவும் என் மாணவர்கள் மாதிரிதான். சொன்ன இடத்துல நிக்காது."

வைத்தியர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு மெதுவாக, "கடைசியா எப்பம்மா சும்மா உட்கார்ந்த?" என்றார்.

ஹாரன் அக்கா விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். ஏனென்று தெரியாமல் கண் கலங்கியது. வெதுவெதுப்பான நல்லெண்ணெயை உள்ளங்காலில் தேய்த்துவிட்டுப் படுக்க வேண்டும், உட்கார்ந்து சூடாகச் சாப்பிட வேண்டும், மாடியில் நடக்கும் பெண்கள் யோகா வகுப்புக்கு வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார் வைத்தியர்.

மாடி ஏறியவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். யோகா சொல்லிக்கொடுக்க நின்றவள் அவளுடைய பழைய மாணவி. திட்டுத் தாங்காமல் நடுரோட்டில் வண்டியை நிறுத்தி, சாவியைக் கையில் கொடுத்துவிட்டு அழுதுகொண்டே போனவள்.

"வாங்கக்கா, பாயை விரிங்க," என்றாள் அவள். குத்தலே இல்லாத குரல். ஹாரன் அக்கா கடைசி வரிசைக்குப் போய்ப் பாயை விரித்தாள்.

குனிந்தாள், வளைந்தாள், எல்லாம் வந்தது. சவாசனம் மட்டும் வரவில்லை. மல்லாந்து படுத்ததும் கால் தானாக மிதித்தது. யோகா டீச்சர் வந்து பாதத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். "அக்கா, இங்க வண்டி எதுவும் ஓடல."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. ஹாரன் அக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் எங்கேயோ தடம் மாறி அழத் தொடங்கினாள். யாரும் ஓடி வரவில்லை. ஒருத்தி ஜன்னலைத் திறந்துவிட்டாள், அவ்வளவுதான். அழுது முடித்தபோது தோள் இரண்டும் காதை விட்டுக் கீழே இறங்கியிருந்தன.

பாய்களைச் சுருட்டும்போது ஹாரன் அக்காவே டீச்சரிடம் பேச்சை ஆரம்பித்தாள். "எனக்குக் கோபமெல்லாம் இல்லம்மா, பயம். ஸ்டியரிங் வேற யார் கையிலயோ இருக்கு. நாள் பூரா பயம். அதைத்தான் கத்தித் தீர்க்கறேன்."

"எனக்கும் பயம்தான்க்கா. அதான் ஓடிட்டேன்."

"மறுபடி கத்துக்கறியா?"

"நீங்க கத்தாம இருந்தா நான் கத்துக்கறேன்."

ஒரே நாளில் யாரும் மாறிவிடுவதில்லை. டீச்சர் மறுபடி ஸ்டியரிங் பிடித்த அன்று, முதல் திருப்பத்திலேயே ஹாரன் அக்காவுக்குக் குரல் தொண்டை வரை ஏறி வந்தது. "அக்கா, மூச்சை விடுங்க," என்றாள் டீச்சர். "நீ முதல்ல கிளட்சை விடு!" என்றாள் இவள். இருவரும் சிரித்த சிரிப்பில் வண்டி அணைந்தே போனது. மற்ற மாணவர்கள்தான் கலங்கிப் போனார்கள். "அக்கா, உடம்பு சரியில்லையா? திட்டவே மாட்டேங்கறீங்க?"

டீச்சருக்கு லைசென்ஸ் கிடைத்த வாரம், வகுப்புப் பெண்கள் சிலர் அவள் காரிலேயே ஏரிக்குக் கிளம்பினார்கள். கணவர் ஒரு கேக் கொடுத்தனுப்பினார். முன் சீட்டை வைத்தியர் பிடித்துக்கொண்டார். ஹாரன் அக்கா பின்னால் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வேலைக்குச் சேர்ந்த பிறகு பின் சீட்டில் அவள் உட்கார்ந்ததே இல்லை.

"இந்த ரோட்டுல இவ்வளவு மரமா இருக்கு?" என்றாள்.

"எப்பவும் இருக்குக்கா," என்றாள் டீச்சர், கண்ணைச் சாலையை விட்டு எடுக்காமல்.

ஏரி வரும்வரை பொறுக்க முடியாமல் யாரோ கேக் பெட்டியைத் திறந்துவிட்டார்கள்.